அம்மம்மாவின் ஹெலியும் மீலின் ஹெலியும்

சுதந்திர தினத்துக்கு ஹெலிகளும் பறக்கிற வருசங்களில், ஜனவரி கடைசி வந்தாலே வெள்ளவத்தைக்குச் சத்தம் வந்துவிடும். ஒத்திகை. இரத்மலானைப் பக்கமிருந்து கிளம்பி, மரைன் டிரைவுக்கு அந்தப்பக்கம் கடலுக்கு மேலால் வடக்கே போவார்கள். எங்கட ஃபிளாட் நாலாம் மாடி. பல்கனியில் நின்றால் வடிவாகத் தெரியும். தம்பி ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அம்மம்மா எழும்பி அறைக்குள் போய்விடுவா. போகும்போது மறக்காமல் ஃபேனை நிப்பாட்டிவிட்டுப் போவா. ஏனென்று கேட்டால், "சத்தம் வடிவாக் கேக்க வேணும். எந்தப் பக்கத்தாலை வருது எண்டு தெரிய வேணும்" என்பா.

அவ கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவ. கொழும்புக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல். இன்னும் ஃபேனை நிப்பாட்டுறா.

நான் முதலாம் வருசம் படிக்கும்போது ஒருநாள் அவ கதை சொல்லிக்கொண்டிருந்தா. 86 ஆம் ஆண்டில் ஒரு ஹெலி ஒழுங்கைக்கு மேலால் தாழப் பறந்ததாம். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவ, வாழைக்குள் போய்க் குந்திக்கொண்டாவாம். "அந்த ரஷ்யன் ஹெலி" என்று சொன்னா. எனக்குச் சின்ன வயசிலிருந்தே விமானப் பைத்தியம். போதாக்குறைக்கு வரலாறு பாடமாக எடுத்துக்கொண்டு போய் ரெண்டு மாசம்தான். வாய் சும்மா இருக்குமா? "86 இலை இஞ்சை ரஷ்யன் ஹெலி இல்லை அம்மம்மா. அது பெல். அமெரிக்கன்" என்றேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. கதையை அந்த இடத்தில் நிப்பாட்டிவிட்டா. பிறகு கனநாளாக எனக்கு எந்தக் கதையும் சொல்லவில்லை.

நான் சொன்னது சரியான தகவல்தான். ஆனால் அந்தச் சரியால் ஒரு கதையின் வாயை அடைத்துவிட்டேன் என்ற குற்றவுணர்வு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. அந்த "ரஷ்யன் ஹெலி" யார் செய்தது, எதற்காகச் செய்தது, எப்படி எங்கட ஒழுங்கைகளுக்கு மேலே வந்தது என்று ஒழுங்காகத் தேடிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

'எம்.ஐ' என்பது ஒரு ஆளின் பெயர்

எங்கட பத்திரிகைகள் 'எம்.ஐ-24' என்று புள்ளி வைத்து எழுதும். நானும் கனகாலம் அது ஏதோ ஆங்கிலச் சுருக்கம், மிலிட்டரி என்று தொடங்கும் ஏதோவொன்று என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். மிகயீல் லியோன்தியெவிச் மீல். சோவியத் விமான உலகில் வழக்கம் அப்படி. வடிவமைத்தவரின் பெயரில் முதல் ஒன்றிரண்டு எழுத்தை எடுத்து முன்னால் போடுவார்கள். துப்பொலெவ் என்றால் 'து', அன்தோனொவ் என்றால் 'அன்', காமோவ் என்றால் 'கா'. 'மிக்' என்பது மிகோயன், குரேவிச் என்ற ரெண்டு பேரின் பெயர்ச் சேர்க்கை. மீலுக்கு 'மி'. ஆகவே உண்மையில் அது மி-8, மி-17, மி-24.

மீல் 1909 நவம்பரில் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் பிறந்தார். முதலில் தொம்ஸ்க் நகரில் படிக்கப் போனார். அங்கே விமானவியல் இல்லை. அதனால் நாட்டின் மறுபக்கத்துக்கு, தெற்கே நொவொசெர்காஸ்க் என்ற ஊருக்கு மாறிப் போய்ப் படித்து 1931 இல் பட்டம் பெற்றார். விரும்பின பாடத்துக்காக ஊர் மாறுகிறது எங்களுக்குப் புதிசில்லைத்தானே.

பட்டம் பெற்ற கையோடு மொஸ்கோவின் மத்திய விமானவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஹெலிகொப்டர் இன்னும் ஒழுங்காகப் பிறக்கவில்லை. அதற்கு முந்தின பிறவியாக ஓட்டோஜைரோ என்று ஒன்று இருந்தது. மேலே பெரிய விசிறி இருக்கும், ஆனால் பறக்கும்போது அதை இயந்திரம் சுழற்றாது. முன்னுக்குப் போகும்போது வருகிற காற்றில் அது தானாகச் சுழலும். அதனால் அந்தரத்தில் நிற்க முடியாது. மீல் இந்த ஓட்டோஜைரோ வேலையில் நிக்கலாய் காமோவ் என்பவருக்கு உதவியாளராக இருந்தார். பிற்காலத்தில் சோவியத் ஹெலிகொப்டர் உலகம் முழுவதும் இந்த ரெண்டு பெயருக்குள் அடங்கியது. ரெண்டு பேரும் போட்டியாளர்கள். தொடங்கின இடம் ஒன்று.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1947 டிசம்பரில் மீலுக்கென்று தனியாக ஒரு வடிவமைப்புப் பணியகம் கிடைத்தது. அடுத்த வருடம் செப்டெம்பரில் அவரின் முதல் ஹெலி பறந்தது. அதுதான் மி-1. தொடக்கம் சுகமாக இருக்கவில்லை. முதல் மாதிரி விழுந்தது, விமானி பரசூட்டில் தப்பினார். இன்னொன்று விழுந்தபோது சோதனை விமானி இறந்தார். அதற்குப் பிறகும் விடாமல் திருத்தித் திருத்தித்தான் அதை உற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள்.

கொரியப் போர் தொடங்கியபிறகு கதை வேகமெடுத்தது. அமெரிக்கர்கள் அங்கே ஹெலிகளில் காயக்காரரை ஏற்றுகிறார்கள், படையினரை இறக்குகிறார்கள் என்ற செய்தி மொஸ்கோவுக்குப் போனது. 1951 இல் ஸ்டாலின் வடிவமைப்பாளர்களைக் கூப்பிட்டு, பெரிய ஹெலி வேண்டும், ஒரு வருடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். மீல் சொன்ன தவணையை ஒட்டியே 1952 இல் மி-4 ஐப் பறக்கவிட்டார். மூக்குக்குள் பெரிய பிஸ்டன் இயந்திரம், அதற்கு மேலே விமானிகள், பின்னால் படையினர் ஏறும் அறை. மி-4 ஐ ஞாபகத்தில் வைத்திருங்கள். மேக்னா நதிக்கரையில் அதைத் திரும்பச் சந்திப்போம்.

விமான உலகின் பேருந்து

மீலின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது மி-8. முதல் மாதிரி 1961 இல் ஒற்றை இயந்திரத்தோடு பறந்தது. அடுத்த வருடமே ரெட்டை இயந்திரமாக்கினார்கள். மி-4 இல் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இயந்திரத்தை மூக்கிலிருந்து எடுத்துக் கூரைக்கு மேல் கொண்டுபோனதுதான் பெரிய மாற்றம். ஜெட் வகையைச் சேர்ந்த ரெண்டு சின்ன இயந்திரம் மேலே, உள்ளே முழுக்க வெறும் இடம். 24 படையினர் இருக்கலாம், இல்லாவிட்டால் 4,000 கிலோ சாமான் ஏற்றலாம். பின்பக்கம் ரெட்டைக் கதவு சிப்பி மாதிரித் திறக்கும், சின்ன வாகனமே ஏறும்.

வடிவு என்று சொல்ல முடியாது. தட்டையான முகம், பெரிய வயிறு. ஆனால் குளிரிலும் தூசியிலும் ஓடும். எங்கட ரோட்டில் லேலண்ட் பஸ் எப்படியோ அப்படி. மி-8 உம் அதிலிருந்து பிறந்த மி-17 உம் சேர்ந்து 12,000 க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். கசான், உலன்-உதே என்ற ரெண்டு நகரங்களில் உள்ள தொழிற்சாலைகள் இன்றைக்கும் அந்தக் குடும்பத்தைச் செய்துகொண்டிருக்கின்றன.

மி-17 என்பது மி-8 இன் உடம்பில் பலமான புது இயந்திரங்களைப் பூட்டினது. பார்த்தவுடன் வித்தியாசம் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மி-8 இல் வால் விசிறி வலப்பக்கம், மி-17 இல் இடப்பக்கம். அடுத்தமுறை பல்கனியில் நிற்கும்போது பாருங்கள்.

மீலுக்குப் பெரிசு செய்கிற ஆசையும் இருந்தது. 1957 இல் பறந்த மி-6 அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஹெலி. பிறகு மி-12 என்று ரெண்டு பக்கமும் ரெண்டு பெரிய விசிறியோடு ஒன்று. 1969 ஓகஸ்ட்டில் அது 44 தொன்னுக்கு மேற்பட்ட சுமையை 2,255 மீற்றர் உயரத்துக்குத் தூக்கியது. இன்றுவரை அதை மிஞ்சிய ஹெலி இல்லை. ஆனால் ரெண்டே ரெண்டுதான் கட்டினார்கள். அவ்வளவு பெரிசுக்கு யாருக்கும் வேலை இருக்கவில்லை. 1970 ஜனவரியில், அறுபது வயசில், மீல் இறந்துபோனார்.

முதலை

அவர் இறப்பதற்கு நாலு மாசம் முந்தி, 1969 செப்டெம்பரில் பறந்ததுதான் மி-24.

இதன் யோசனை மீலுடையது. வியட்நாமில் அமெரிக்கர்கள் ஹெலிகளில் துவக்குப் பூட்டிச் சண்டை பிடிப்பதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். படையினரை ஏற்றிப்போகிற ஹெலியே ஏன் தானும் சுடக்கூடாது? பறக்கிற கவசவாகனம் மாதிரி. 1966 இல் இந்த யோசனைக்கு ஒரு மாதிரி செய்து காட்டினார். பாதுகாப்பு அமைச்சில் எதிர்த்தவர்கள் இருந்தார்கள், கடைசியில் ஓமென்றார்கள். மி-8 குடும்பத்தின் இயந்திரப் பாகங்களை எடுத்து, ஒடுக்கமான கவசம் போட்ட உடம்பில் பூட்டினார்கள். பக்கத்துக்கு ஒரு கட்டைச் செட்டை, அதில் ரொக்கெட்டுகள். உள்ளே எட்டுப் பேர் இருக்கலாம். மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். மேற்கு நாடுகளின் நேட்டோ அமைப்பு இதற்கு 'ஹைண்ட்' என்று பெயர் வைத்தது. ஹெலிகளுக்கு 'எச்' எழுத்தில் பெயர் வைப்பது அவர்களின் முறை, மி-8 க்கு வைத்தது 'ஹிப்'. சோவியத் படையினர் மி-24 ஐக் கூப்பிட்டது 'முதலை' என்று.

அம்மம்மாவும் முதலை ஹெலி என்றுதான் சொல்லுவா. ரஷ்யச் சிப்பாய் வைத்த பேர் அவவுக்குத் தெரிய நியாயமில்லை. முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் தோன்றும் போல.

மேக்னாவும் யாழ்ப்பாணமும்

இது எங்கட பக்கம் வந்தது இந்தியா வழியாக. இந்திய விமானப்படை 60களிலேயே மி-4 வாங்கத் தொடங்கிவிட்டது. 1971 டிசம்பரில், பங்களாதேஷ் போரில், மேக்னா நதிக்கரையில் இந்தியப் படை நின்றது. பாலம் உடைக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 9 ஆம் திகதி ஜெனரல் சகத் சிங் மி-4 களில் படையினரை ஏற்றி ஆற்றுக்கு மேலால் அந்தக் கரைக்குக் கொண்டுபோனார். திரும்பத் திரும்ப, இரவிலும் பகலிலும். ஒரு வாரத்தில், டிசம்பர் 16 இல், டாக்கா விழுந்தது. இந்தியப் படையின் பாடப்புத்தக வெற்றிகளில் அது ஒன்று.

பதினாறு வருசம் கழித்து அதே யோசனை யாழ்ப்பாணத்துக்கு வந்தது.

1987 ஜூலை 29 இல் இந்திய இலங்கை ஒப்பந்தம். இந்திய அமைதிப்படை வந்தது. ஒக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. ஒக்டோபர் 11 இரவு, விடிந்தால் 12, பலாலியிலிருந்து மி-8 ஹெலிகள் கிளம்பின. இறங்கும் இடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானம். பக்கத்தில் கொக்குவில் பிரம்படிப் பகுதியில் புலிகளின் தலைமையகம் இருந்தது. தலைமையைப் பிடித்துவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்பது கணக்கு. பரா கொமாண்டோக்களும் 13 ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிரிவும் இறங்க வேண்டும்.

ரேடியோப் பேச்சைப் புலிகள் கேட்டுவிட்டார்கள். ஹெலிகள் வரும்போது சுற்றுக் கட்டடங்களில் ஆயத்தமாக நின்றார்கள். மேக்னாவில் இறங்கின இடத்தில் எதிர்க்க ஆள் குறைவு, வெட்டவெளி, வந்துபோன தடவைகள் அதிகம். இங்கே ஒரு மைதானம், நாலுபக்கமும் கட்டடம், இருட்டு, கையளவு ஹெலிகள். கொஞ்சப் பேரை இறக்கின அளவில் ஹெலிகள் சூடுபட்டுப் பலாலிக்குத் திரும்பின, மிச்சப் பேரைக் கொண்டுவர முடியவில்லை. மைதானத்தில் விடப்பட்ட சீக்கியப் பிரிவில் முப்பது பேர். 29 பேர் அங்கேயே இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். கொமாண்டோக்கள் பிரம்படிப் பக்கம் வீடுகளுக்குள் சிக்கி, மறுநாள் டாங்கிகள் வந்துதான் மீண்டார்கள். அந்த ரெண்டு நாளில் பிரம்படியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். வருசாவருசம் ஒக்டோபரில் அங்கே அவர்களை நினைவுகூருகிறார்கள்.

மி-8 என்ற இயந்திரம் யாழ்ப்பாணத்தில் செய்யச் சொன்னதைத்தான் செய்தது. மி-4 ஐ விடத் திறமான இயந்திரம்கூட. ஆனால் வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த மைதானத்தைச் சுற்றி வீடுகள் இருந்தன, வீடுகளுக்குள் சனம் இருந்தது. அந்தக் கணக்கைத் திட்டம் போட்டவர்கள் போடவில்லை.

அதே சண்டைக் காலத்தில்தான் முதலைகளும் வந்தன. இந்திய விமானப்படை மி-24 இன் ஏற்றுமதி வடிவத்தை மி-25 என்ற பெயரில் வைத்திருந்தது. அவை வடக்கு வானத்துக்கு வந்தன. ஆகவே அம்மம்மா ரஷ்யன் ஹெலியைப் பார்த்தது உண்மை. ஒரு வருசம்தான் பிந்தியிருக்கிறது.

சத்தத்தின் கணக்கு

இந்தக் கட்டுரைக்காகத்தான் திரும்ப அவவோடு கதைத்தேன். இந்தமுறை திருத்தவில்லை, கேட்டேன். "ரெண்டு விதமான சத்தம் இருந்தது" என்று தொடங்கினா. "முதலிலை வந்தது டொக் டொக் எண்டு ஆரோ கதவிலை தட்டுறமாதிரி. தூரத்திலையே கேக்கும், ஓடிப்போய் ஒளிக்க நேரம் இருக்கும். பிறகு வந்தது அப்பிடியில்லை. உறுமிக்கொண்டு வரும். தட்டுறது தனித்தனியாக் கேக்காது."

நான் போய் எண்களைத் தேடினேன். பெல் 212 க்கு மேலே ரெண்டே ரெண்டு விசிறித் தகடு. நிமிசத்துக்கு ஏறத்தாழ 324 சுற்று. செக்கனுக்குக் கணக்குப் பார்த்தால் பத்துப் பதினொரு தட்டு. அகலமான தகடு, ஒவ்வொரு தட்டும் தனியாக விழும். மி-8, மி-24 குடும்பத்துக்கு ஐந்து தகடு. மி-8 இன் விசிறி நிமிசத்துக்கு 192 சுற்றுத்தான், ஆனால் தகடு ஐந்து என்பதால் செக்கனுக்குப் பதினாறு தட்டு. காதுக்கு அது ஒன்றோடு ஒன்று ஒட்டி உறுமலாகிவிடும்.

அவவுக்குப் பெல்லும் தெரியாது, மீலும் தெரியாது. ஆனால் எது எப்போது வந்தது என்பதை அவவின் காது சரியான ஒழுங்கில் எழுதி வைத்திருக்கிறது. பிழைத்தது பெயர் மட்டும்தான். முதல் வருசத்தில் நான் பிடித்துத் தொங்கினது அந்தப் பெயரை.

பிறகு வந்த முதலைகள்

இலங்கைக்கும் சோவியத் ஹெலிக்கும் தொடர்பு அதற்கு முந்தியே உண்டு. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வந்தபோது சோவியத் ஒன்றியம் மிக்-17 போர்விமானங்களோடு ரெண்டு கா-26 ஹெலிகளையும் அனுப்பியது. கா என்றால் காமோவ், மீலின் பழைய தலைவர். அந்த ஹெலிகள் வந்தது தெற்கின் இளைஞர்களை அடக்க. இதையும் நாங்கள் மறக்கக்கூடாது. வானத்திலிருந்து வந்த பயம் வடக்குக்கு மட்டும் உரியதில்லை.

80களில் இலங்கை விமானப்படை பாவித்தது பெரும்பாலும் பெல் ஹெலிகள். மி-17 வந்தது 1993 இல். மி-24 வந்தது 1995 இல், அதற்கென்று ஹிங்குராக்கொடையில் 9 ஆவது ஸ்குவாட்ரன் உருவானது. அதே 1995 ஒக்டோபர் 30 இல்தான் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. எங்கட குடும்பமும் நடந்தது. அடுத்த வருசம் வெள்ளவத்தை.

90களின் கடைசியில் புலிகளிடம் விமான எதிர்ப்பு ஏவுகணைகள் இருந்தன. பல மி-24 கள் விழுத்தப்பட்டன. உள்ளே இருந்தவர்களும் இருபது முப்பது வயசுப் பிள்ளைகள். 2007 ஒக்டோபர் 22 அதிகாலை அனுராதபுரம் விமானத்தளத்தில் நடந்த தாக்குதலில் அழிந்தவற்றிலும் மி-17, மி-24 இருந்தன. தாக்கப் போனவர்களும் திரும்பவில்லை. ஒரு பக்கத்துக்கு அது பெருமை, மறுபக்கத்துக்கு இழவு. ரெண்டு வீட்டிலும் தாய்மார் இருந்தார்கள் என்று எழுத எனக்கு இப்போது பயமில்லை. எங்கட வயசுக்காரர் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

கொட்டாஞ்சேனைத் தோழி சொன்னது

இவ்வளவும் எழுதிவிட்டு வகுப்புத் தோழி ஒருத்திக்குக் காட்டினேன். கொட்டாஞ்சேனைக்காரி. குடும்பத்தின் வேர் மலையகம். வாசித்துவிட்டு, "எல்லாம் சரி, ஆனா எங்க வீட்ல ஹெலின்னா வேற" என்றாள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். மலைகள் சரிந்தன, ரோட்டுகள் அறுந்தன. அவளின் மாமி குடும்பம் கொத்மலைப் பக்கம். முன்னால் பாலமில்லை, பின்னால் ரோட்டில்லை. இலங்கை விமானப்படையின் ஹெலிகளோடு இந்திய விமானப்படையின் மி-17 களும் வந்து கொத்மலைப் பக்கத்திலிருந்து ஆட்களைத் தூக்கின. "ஹெலி சத்தம் கேட்டதும் எங்க மாமி அழுதாங்க. பயத்துல இல்ல. யாரோ நம்மள ஞாபகம் வச்சிருக்காங்கன்னு" என்றாள்.

அதே புயலில், லுணுவிலைப் பக்கம் நிவாரண வேலையில் நின்ற இலங்கை விமானப்படையின் பெல் 212 ஒன்று விழுந்து விமானி இறந்தார். அம்மம்மாவின் 'டொக் டொக்' ஹெலி அதுதான், அதே வகை. 86 இல் அவ ஒளித்த சத்தத்தை 2025 இல் யாரோ கூரையில் நின்று கைகாட்டிக் கூப்பிட்டிருப்பார்கள்.

மி-17 க்கு இப்படியான வேலைகள் நிறைய. 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது கடல்தண்ணியை வாளியில் அள்ளி ஊற்றியது மி-17. 2014 இலிருந்து ஐ.நா. படைக்காக மத்திய ஆபிரிக்கக் குடியரசில் இலங்கை மி-17 கள் பறந்தன. வெளியில் பார்த்தால் 1986 செர்னோபில். எரிகிற அணுஉலைக்கு மேலே போய் மணலும் ஈயமும் கொட்டினவை மி-8 களும், மீலின் பணியகத்திலிருந்து பிற்காலத்தில் வந்த மி-26 களும். கதிர்வீச்சுக்குள் போய் வந்த விமானிகள் பலர் பிறகு நோயில் விழுந்தார்கள். ஒக்டோபரில் ஒரு மி-8 இன் விசிறி கிரேன் கம்பியில் பட்டு உலைக்குப் பக்கத்திலேயே விழுந்தது, நாலு பேரும் இறந்தார்கள்.

செர்னோபில் உக்ரைனில். மி-8, மி-24 களுக்கு இயந்திரம் செய்த பெரிய தொழிற்சாலை சப்போரிஷியாவில், அதுவும் உக்ரைன். உடம்பு ரஷ்யாவில், இதயம் உக்ரைனில் என்று ஒரே நாடாக இருந்த காலத்தில் பிரித்து வைத்த வேலை. 2014 இல் உறவு முறிந்தபின் ரஷ்யா தன் இயந்திரங்களை சென் பீட்டர்ஸ்பர்க்கில் செய்யப் பார்த்தது. 2022 பெப்ரவரி 24 காலை, கீவ் நகருக்குப் பக்கத்தில் ஹொஸ்டொமெல் விமான நிலையத்தில் ரஷ்யா தன் படையினரை இறக்கியது. வந்தவை மி-8 களும் காமோவின் கா-52 களும். தலைமையைப் பிடித்துவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்ற அதே கணக்கு. அதுவும் பிழைத்தது. அந்த வீடியோவை நான் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றினது பல்கலைக்கழக மைதானம்தான். அன்றிலிருந்து ரெண்டு பக்கமும் மீலின் ஹெலிகளில்தான் ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். மீலின் பணியகமும் காமோவின் பணியகமும் இப்போது 'ரஷ்யன் ஹெலிகொப்டர்ஸ்' என்ற ஒரே குழுமத்துக்குள். தொடங்கின இடத்துக்கே திரும்ப வந்துவிட்டார்கள்.

மீலைக் குற்றவாளி ஆக்கவா? அவர் மி-8 ஐயும் செய்தார், மி-24 ஐயும் செய்தார். முதலாவது ஆட்களை ஏற்றவும் இறக்கவும், ரெண்டாவது சுடவும். மி-24 ஐ யோசிக்கும்போது அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். 'அவர் பொறியியலாளர்தானே' என்று நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் 1987 இல் எந்த மைதானம், 1995 இல் எந்த ஊர் என்று தீர்மானித்தவர்கள் வேறு ஆட்கள், எங்கட பகுதிக்காரர். 'ரஷ்யன் ஹெலி' என்று சொல்லும்போது அந்த ஆட்கள் எல்லோரும் அந்தப் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதுதான் எனக்குள்ள பிரச்சினை. வரலாறு படிக்கிற ஆளாக நான் செய்ய வேண்டியது அவர்களை வெளியே கொண்டுவருகிறது. அம்மம்மாவைத் திருத்துவது இல்லை.

கடைசியாக அவவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். மீலின் படிப்பு, ஸ்டாலின் கதை எல்லாம் பொறுமையாகக் கேட்டா. கணக்கு வந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தா. முடிந்தபிறகு சொன்னா: "உன்ரை கட்டுரையிலை அது மேலை பறக்குது. நான் கீழை இருந்தனான். அதையும் எழுது."

எழுதிவிட்டேன். உங்கட வீட்டிலும் சத்தம் கேட்டால் ஃபேனை நிப்பாட்டுகிற ஒராள் இருப்பா. திருத்தப் போகாதேங்கோ. முதலில் கேளுங்கோ. கதை முடிந்தபிறகு போய்த் தேடுங்கோ.